மணிக்கூண்டுக்கு ஆடு வைத்தவர் யார்?

"கட்டியவன் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். வைத்துக் காப்பாற்ற நமக்குத்தான் துப்பில்லை." எங்கள் ஊர் மணிக்கூண்டைப் பழுதுபார்ப்பது பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊர்மேல் அக்கறை உள்ளவர்தான். காலை நடைக்குப் போனால் வழியில் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டிலைக் குனிந்து பொறுக்குகிறவர். கூட்டத்தில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். தலைமை வகித்தவர் "உண்மை, உண்மை" என்றார். எனக்கு மட்டும் அந்தப் பேச்சு ஒட்டவில்லை. மறுத்துப் பேச அன்றைக்குக் கையில் சரக்கும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது விடுவதாக இல்லை. காய் நறுக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த மனிதரோடு மனத்துக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். அந்த வாதம்தான் இந்தக் கட்டுரை.

ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். நீலகிரியில் இருக்கிறது, தேயிலைக்கு நடுவில் இருக்கிறது, ஒரு கடைவீதியும் பஸ் நிலையமும் வாரச் சந்தையும் உண்டு என்பது போதும். உள்ளூர்க்காரர்கள் இந்தப் பத்தி முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கடைவீதி மூன்றாகப் பிரியும் இடத்தில் மணிக்கூண்டு நிற்கிறது. கருங்கல் அடித்தளம், மேலே செங்கல், நான்கு பக்கமும் ரோமன் எண்கள் எழுதிய வெள்ளை முகப்பு. மேற்கு முகப்பில் பெரிய முள் இல்லை. ஒரு ஆடி மாதக் காற்றில் அது பிய்த்துக்கொண்டு விழுந்து, கீழே நின்ற ஜீப்பின் தார்ப்பாயைக் கிழித்ததாகச் சொல்வார்கள். மற்ற மூன்று முகப்புகளும் மூன்று வெவ்வேறு நேரங்களைக் காட்டியபடி நின்றுபோயிருக்கின்றன. உள்ளே இயந்திரம் ஒன்றுதான். அங்கிருந்து முகப்புக்குப் போகும் தண்டுகளின் திருகு தளர்ந்தால் ஒவ்வொரு முகமும் தன் போக்கில் போகும். இது புரியாத சுற்றுலாப் பயணிகள் நான்கு நாட்டு நேரம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வதும் உண்டு.

கல்வெட்டுப்படி இது ஒரு ஆங்கிலேயத் தோட்டத் துரையின் நினைவாக அவருடைய நண்பர்கள் பணம் திரட்டி வைத்தது. ஆண்டு, 1906க்குச் சற்று முந்தியது. கல்லின் கீழ்ப்பாதியைப் பழவண்டியும் மேல்பாதியைத் தேர்தல் சுவரொட்டியும் வெகுகாலமாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. இறந்தவரை ஊர் மறந்துவிட்டது என்று அந்தக் கூட்டத்தில் சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. அவரை அறிந்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவரை யார் நினைக்க வேண்டும்? பெட்டிக்கடைக்காரரா?

லண்டன் ஊசலும் மலை நேரமும்

"கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்" என்ற பேச்சின் முதல் பாதியோடுதான் எனக்கு முதல் சண்டை. சிலையை நிறுத்திவிட்டுப் போகலாம். கடிகாரத்தை அப்படி நிறுத்திவிட்டுப் போக முடியாது. ஊசல் கடிகாரம் பூமியின் ஈர்ப்பை நம்பி ஓடுவது. அந்த ஈர்ப்போ இடத்துக்கு இடம் மாறுவது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறையும், உயரம் ஏற ஏறவும் குறையும். 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனபோது, பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். ஊசலின் நீளத்தைச் சற்றே குறைத்த பிறகுதான் அது வழிக்கு வந்தது. எங்கள் மலைக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். நிலநடுக்கோட்டுக்குப் பதினோரு பாகை வடக்கே, கடல்மட்டத்துக்கு 1,800 மீட்டர் உயரத்தில், லண்டனில் சரிபார்த்த ஊசலை அப்படியே மாட்டினால் நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கும். ஒரு வாரத்தில் கால் மணி நேரத்துக்கும் மேல். ஆகவே கடிகாரம் பெட்டியிலிருந்து வெளியே வந்த முதல் வாரத்திலேயே யாரோ ஒருவர் தினமும் கூண்டுக்குள் ஏறி, ஊசலின் அடியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, அதை இந்த ஊருக்குப் பழக்கியிருக்க வேண்டும். கடிகாரம் செய்த கம்பெனியின் பெயர் இரும்புச் சட்டத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. பழக்கியவரின் பெயர் எங்கும் இல்லை.

பழக்கிய பிறகும் ஓய்வு கிடையாது. ஊசலின் தண்டு இரும்பாக இருந்தால், வெயிலில் நீண்டு பனியில் சுருங்கும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் நாளுக்கு ஐந்து விநாடி குறையும். மார்கழியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து, சித்திரையில் மேல்சட்டை இல்லாமல் நடமாட முடிகிற ஊரில் இந்த ஐந்து விநாடி சும்மா இருக்காது.

அடுத்தது, எந்த நேரத்தைக் காட்டுவது என்ற கேள்வி. எங்கள் சூரியனைக் கேட்டால், உச்சிவேளை இன்றைய கடிகாரப்படி சராசரியாகப் பன்னிரண்டு மணி இருபத்து மூன்று நிமிடத்துக்குத்தான் வரும். ஆனால் மணிக்கூண்டு எழுந்த காலத்தில் ரயிலும் தந்தியும் சென்னை நேரத்தில் ஓடின. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். அந்த நேரத்தைக் கணித்துக் கொடுத்த சென்னை வானாய்வகத்தின் ஆய்வுப் பணிகள் 1899இல் பழனி மலைக்கு, கொடைக்கானலுக்கு, மாறின. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஏறியதும் அதே 1899இல்தான். பிறகு 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொது நேரம் வந்தது. கல்கத்தாவும் பம்பாயும் முரண்டு பிடித்துப் பல பத்தாண்டுகள் தங்கள் சொந்த நேரத்தையே வைத்துக்கொண்டன. சென்னை நேரத்தில் ஓடிய ஊர்க் கடிகாரங்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னே போக வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், நாடு முழுக்க ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். 1945இல் பழையபடி பின்னே இழுத்தார்கள். மணி அடிக்கும் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது, அடிக்கும் கணக்குக் குழம்பிவிடும். ஊசலைப் பிடித்து நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி ஓட்டிவிட வேண்டும். உலகப் போர் முடிந்ததற்கு எங்கள் ஊர் செய்த மரியாதை, யாரோ ஒருவர் கூண்டுக்குள் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கிறது.

சனிக்கிழமைக்காரர்

கடைசியாகச் சாவி கொடுத்தவரைத் தேடிப் போனேன். ஊருக்கு வெளியே, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் மகளோடு இருக்கிறார். தோட்டத் தமிழர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தபோது மீசை முளைக்காத வயது. கொஞ்ச காலம் தேயிலை வேலை; பிறகு தெருவிளக்குப் பார்க்கும் வேலை ஊரில் கிடைத்தது. மணிக்கூண்டுக்குச் சாவி கொடுப்பதும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "அங்கே எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் தப்புமேளம் அடித்துத்தான் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, கூப்பிடுவார்கள், தம்பி. பிந்திப் போனால் அரைப்பேர்தான், அரை நாள் கூலி. நேரத்தைக் கண்டால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். அந்த நேரத்துக்கே என்னைச் சாவி கொடுக்கச் சொன்னார்கள்" என்று சிரித்தார். முழங்கால் வலி இருந்தும் கூட வந்து காட்டுகிறேன் என்று அவராகவே சொன்னார்.

கூண்டின் உள்ளே ஒடுங்கிய மரப்படி. புறா எச்சமும் பழைய கிரீஸும் கலந்த நெடி. இயந்திரம் ஒரு தையல் மெஷின் மேசை அளவுதான். கண்ணாடி போட்ட மரப்பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டு உருளைகள், இரண்டிலும் எஃகுக் கம்பி சுற்றியிருக்கிறது, கம்பியின் மறுமுனையில் இரும்புக் குண்டுகள் கோபுரத்தின் மூலையில் கீழே தொங்குகின்றன. சாவி என்றால் நம் வீட்டு அலாரம் கடிகாரத்துச் சாவியை நினைக்கக் கூடாது. பழைய லாரியை முன்பக்கம் சுற்றிக் கிளப்புவார்களே, அந்தக் கைப்பிடி. ஒரு உருளை முள்ளை ஓட்டுவதற்கு, மற்றொன்று மணி அடிப்பதற்கு. மணிக்குண்டுதான் கனம். நாள் ஒன்றுக்கு இந்த மணி அடிப்பது 156 அடி. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டி இரண்டால் பெருக்கிப் பார்த்தால் வரும். வாரத்துக்கு 1,092. அத்தனை அடிக்கும் வேண்டிய பலத்தைச் சனிக்கிழமைதோறும் ஒரு மனிதரின் தோள் அந்தக் குண்டில் ஏற்றி வைத்தது.

ஊசலின் தண்டில் பாதி உயரத்தில் ஒரு சின்னத் தட்டு. அதன்மேல் நாணயங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்தேன். நடுவில் துளை போட்ட ஓட்டைக் காலணா. நாற்பதுகளின் நடுவில் அச்சடித்தது. "அதை வைக்க மறந்துவிடாதீர்கள்" என்றார் உடனே. அவர் வைத்ததல்ல. அவருக்கு முந்தியவர் வைத்துவிட்டு, தொடாதே என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாராம். தட்டில் எடை ஏறினால் ஊசலின் கனம் ஒரு மயிரிழை மேலே நகரும், ஓட்டம் கொஞ்சம் கூடும். லண்டன் பிக் பென்னிலும் இதே வித்தைதான். அங்கே ஒரு பென்னி வைத்தால் நாளுக்கு 0.4 விநாடி முந்தும். எங்கள் ஊரில் காலணா. பனிக்காலத்தில் ஒன்றை எடுத்துவிடுவார், மாசி முடிந்ததும் திரும்ப வைப்பார். காலை ஏழே கால் வானொலிச் செய்திக்கு முன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு கூண்டுக்கு ஏறுவது அவர் வழக்கம்.

"எப்போது கெட்டுப்போனது?" என்று கேட்டேன்.

"கெடவில்லை, தம்பி. நின்றது."

அவர் சொன்ன விவரம் இது. சம்பளத்தோடு மணிக்கூண்டுக்கென்று அவருக்கு ஒரு சின்னப் படித்தொகை இருந்தது. அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. படியையும் எடுத்துவிட்டார்கள். இருக்கிற ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு உத்தரவு. இருக்கிற ஆள் ஒருவர் சில வாரம் ஏறினார், பிறகு மழை வந்தது, பிறகு அவரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். குண்டு தரையைத் தொட்டது. அவ்வளவுதான். அதன் பிறகு வந்தவர்கள் நின்றிருந்த கடிகாரத்தைப் பார்த்து, பழுதானது என்று எழுதிவிட்டார்கள். கோப்பில் ஒருமுறை பழுது என்று ஏறிவிட்டால் இறக்க ஆள் கிடையாது.

பேசிக்கொண்டே கைப்பிடியை மாட்டி நாலைந்து சுற்று சுற்றினார். நான் தடுத்துவிட்டு மீதியைச் சுற்றினேன், தோள்பட்டை இற்றுவிட்டது. ஊசலை விரலால் ஒரு தள்ளு தள்ளினார். டக் என்றது. நின்று, மறுபடி டக் என்றது. பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. பெட்டிக்குள் இருக்கும் உள்முகப்பில் முள் நகர்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "பழுதான" கடிகாரம், ஒரு சொட்டு எண்ணெய்கூட வாங்காமல். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியே விட்டுவிட்டுப் போகலாம் ஐயா, ஊர் பார்க்கட்டும் என்றேன். அவர் கையை நீட்டி ஊசலைப் பிடித்து நிறுத்தினார். "முகப்புக்குப் போகும் தண்டை இறுக்காமல் ஓட விட்டால் தப்பு நேரம் காட்டும். அடுத்த வாரம் யாரும் ஏறவில்லை என்றால் திரும்ப நிற்கும். இரண்டு முறை நின்றால் என் பெயரைத்தான் சொல்லி ஏசுவார்கள்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைச் சாத்தினார்.

தொண்ணூற்றாறு ஆடு

கீழே இறங்கி வரும்போது எனக்கு நினைவு வந்தது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. ராஜராஜன் காலத்தில் ஒருவர் கோயிலுக்கு அணையா விளக்கு ஒன்று வைக்க விரும்பினால், விளக்கைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போக முடியாது. ஒரு விளக்குக்கு 96 ஆடு கொடுக்க வேண்டும். ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடு சாகும், குட்டி பிறக்கும், கணக்கு மட்டும் தொண்ணூற்றாறாகவே நிற்கும். அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. எந்த இடையர் எத்தனை ஆட்டுக்குப் பொறுப்பு என்பதுவரை பெயர் போட்டுக் கல்லில் இருக்கிறது. கொடுத்தவர் பெயரோடு நெய் அளப்பவர் பெயரும். இறந்தவர் நினைவாக வைத்த விளக்குகளும் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் உண்டு. வேட்டையில் குறி தவறிய அம்பு ஆளைக் கொன்றுவிட்டால், எய்தவன் செத்தவனுக்காக விளக்கு வைத்து ஆடு விட வேண்டும் என்று ஊரார் தீர்ப்புச் சொன்ன கல்வெட்டுகளும் இருக்கின்றன. அந்த ஆடுகளெல்லாம் எங்கே போயின என்று கேட்பீர்கள். தின்றவர்கள் தின்றார்கள், அறக்கட்டளை நிலங்களுக்கு ஆனதுதான் ஆடுகளுக்கும் ஆகியிருக்கும். இருந்தாலும் விளக்கு நெய்யில்தான் எரியும், நெய் ஆட்டிலிருந்துதான் வரும், ஆட்டை மேய்க்க ஆள் வேண்டும் என்ற மூன்றையும் யோசித்த பிறகுதான் அவர்கள் விளக்கை ஏற்றினார்கள்.

எங்கள் மணிக்கூண்டுக்கு யாரும் ஆடு வைக்கவில்லை. நண்பர்கள் பணம் திரட்டினார்கள், கோபுரம் எழுப்பினார்கள், கடிகாரத்தை வரவழைத்தார்கள், கல் பதித்தார்கள். சனிக்கிழமை யார் ஏறுவது என்பதற்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை. அதை ஊர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். ஊர் என்றால் தெருவிளக்குக்காரர்.

இதே மலையில் ஆடு வைத்த நினைவுச்சின்னங்களும் இருக்கின்றன, வேறு உருவத்தில். குன்னூர் சிம்ஸ் பூங்கா சென்னை அரசின் செயலாளராக இருந்த ஜே.டி. சிம்மின் பெயரில், 1874இல் உருவானது. அது இன்றும் பச்சையாக இருப்பதற்குக் காரணம் சிம்மின் புகழ் அல்ல. தோட்டக்கலைத் துறை அங்கே தோட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது, மே மாதம் பழக் கண்காட்சி நடத்துகிறது. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் பிரீக்ஸ் 1872இல் இறந்தார். அவர் நினைவாக ஊட்டியில் எழுந்தது பள்ளிக்கூடம். வாத்தியார் வருகிற வரை அந்த நினைவுச்சின்னத்துக்கு உயிர் இருக்கும். ஊட்டி சேரிங் கிராஸ் நீரூற்று வேறு கதை. சென்னை கவர்னராக வந்து ஆறு மாதம்கூட முடியாமல் 1881இல் ஊட்டியிலேயே இறந்துபோன வில்லியம் பேட்ரிக் ஆடம் நினைவாக 1886இல் கட்டியது அது. பின்னால் இப்போதைய இடத்துக்கு மாறியது. நீரூற்றுக்கு ஒரு வசதி உண்டு. தண்ணீர் வராவிட்டாலும் அழகாக நிற்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நின்றுபோன கடிகாரம் நாள் முழுக்க ஊரார் முகத்துக்கு நேரே பொய் சொல்லிக்கொண்டு நிற்கும். இறந்த நண்பருக்குக் கடிகாரம் வைப்பதைவிட நீரூற்று வைப்பது புத்திசாலித்தனம் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த கூட்டத்தில் திட்டம் தயாராக இருந்தது. பழைய இயந்திரத்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது, நான்கு முகப்புக்கும் நான்கு மின்மோட்டார், செயற்கைக்கோளிலிருந்து நேரம், மணிக்குப் பதிலாக ஒலிபெருக்கியில் பதிவு செய்த மணியோசை. மின்சாரம் போனால் பேட்டரி. பேட்டரியை யார் மாற்றுவது என்று கேட்டேன். கம்பெனிக்காரர் மூன்று வருடம் பார்த்துக்கொள்வார் என்றார்கள். நான்காம் வருடம்? அப்போது பார்க்கலாம் என்றார்கள். நான் ஆட்டுக் கதையைச் சொன்னேன். வாரம் ஒருமுறை ஏறுபவருக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் என்றால் வருடத்துக்கு முப்பத்தாறாயிரம். ஏழு சதவீத வட்டி கிடைத்தால் ஐந்தேகால் லட்சத்தை வங்கியில் போட்டுவிட்டு முதலைத் தொடாமல் இருந்தால் போதும். புது இயந்திரத்துக்குச் சொன்ன தொகை இதைவிட அதிகம். வட்டி குறைந்தால் என்ன செய்வாய் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, குட்டி போடாத ஆடு என்று ஒத்துக்கொண்டேன். பணம் கொடுத்தவர் பெயரைக் கூண்டில் எங்கே எழுதுவது என்று இன்னொருவர் கேட்டார். வங்கிக் கணக்கில் எழுதலாம் என்றேன். அதை யாரும் ரசிக்கவில்லை.

கட்டியவன் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான் என்றவர் கூட்டம் முடிந்து என்னோடு பஸ் நிலையம் வரை நடந்து வந்தார். அப்படியானால் தப்பு வெள்ளைக்காரன் பேரிலா என்றார். அவன் பாதிதான் கட்டினான், மீதியைச் சனிக்கிழமைதோறும் வேறு ஆட்கள் கட்டினார்கள், அவர்களை நிறுத்தியது நாம் என்றேன். அப்படிப் பார்த்தாலும் துப்பில்லாதவர்கள் நாம்தானே என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினார். அதில் அவருக்குப் பாதி வெற்றி.

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு பிறகு சுற்றுக்கு வந்தது. மோட்டார் வாங்க டெண்டர் விடுவது என்று தீர்மானம். என்னுடைய யோசனை கடைசிப் பக்கத்தில், "இதர" என்ற தலைப்பின் கீழ் ஒரே வரியில் பதிவாகியிருந்தது: "உறுப்பினர் ஒருவர் ஆடு வளர்ப்புத் தொடர்பாகப் பேசினார்."